ஆறாவது ஆள்

பதினேழு வருடமாக எனக்குக் கடைசிப் பீரியட் விழுந்துகொண்டிருக்கிறது. சாப்பிட்ட சோறு கண்ணை இழுக்கும் நேரத்தில் நான் எழுந்து நின்று, பழைய பேரரசுகள் எப்படிச் சரிந்தன என்று சொல்ல வேண்டும். எதிரே இருபத்தைந்து பிள்ளைகளும் ஒவ்வொருவராகச் சரிந்துகொண்டிருப்பார்கள். இந்த அநியாயத்துக்குக் காரணமான அம்மாள் ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோபம் உண்டு, ஆனால் இப்போது அதில் பாதி என் மேலேயே இருக்கிறது.

அவர் கணக்கு ஆசிரியை. கூடவே பள்ளியின் பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர். யார் எந்தப் பாடம் படிப்பது, எந்த அறையில், எந்த மணிக்கு, யாரிடம் என்று முடிவு செய்வதெல்லாம் அவர்தான். எந்தக் காகிதம் கிடைத்தாலும் அதில் முதலில் கட்டம் போட்டுவிட்டுத்தான் எழுத ஆரம்பிப்பார். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் கட்டம்மா. அவருக்கும் அது தெரியும். ஒருமுறை தாழ்வாரத்தில் ஒரு பயல் "கட்டம்மா வர்றாங்கடா" என்று கத்தியபோது, நின்று, "ஆமா வந்துட்டேன், உனக்கு இப்ப ரெண்டாவது மாடியில வேதியியல், ஓடு" என்றார். தொண்ணூற்றாறு பிள்ளைகளும் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

தொண்ணூற்றாறு பேர்தான் மொத்தப் பள்ளியே. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருடம். கல்லூரிக்குத் தயார் செய்வது மட்டுமே எங்கள் வேலை. முன்பு ஏதோ அலுவலகமாக இருந்த இரண்டு மாடிக் கட்டடம், எட்டு அறைகள், ஒரே ஒரு ஆய்வுக்கூடம், பன்னிரண்டு ஆசிரியர்கள். ஒரு நாளைக்கு ஏழு பீரியட். மொழியும் கணக்கும் நான்கு வருடமும் எல்லோருக்கும் கட்டாயம். அறிவியல் மூன்று வருடம், வரலாறு இரண்டு வருடம். மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். கேட்க லட்சணமாகத்தான் இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், பெரிய பள்ளியில் ஒரே பாடத்துக்கு நான்கு வகுப்பு இருக்கும், ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்றில் போய் உட்காரலாம். எங்களிடம் மேல்வகுப்பில் ஒவ்வொரு பாடமும் ஒரே ஒரு முறைதான் நடக்கும். மூன்றாவது பீரியடில் பொருளாதாரமும் இயற்பியலும் மோதிக்கொண்டால், இரண்டையும் படிக்க நினைத்த பிள்ளைக்கு ஒன்று போயே போச்சு. ஒரு பாடத்தை நகர்த்தினால் ஒரு ஆசிரியர் நகர வேண்டும், அவர் நகர்ந்தால் அறை நகர வேண்டும், அறை நகர்ந்தால் எங்கோ இரண்டு பேர் தாழ்வாரத்தில் நிற்பார்கள். இந்தத் தலைவலியைப் பத்தொன்பது வருடமாக அந்த அம்மாள் ஒருவரே தூக்கிச் சுமந்தார்.

மற்ற பள்ளிகளில் விண்ணப்பத்தாள் கொடுத்துவிடுவார்கள், பிள்ளை நிரப்பித் தரும். கட்டம்மாவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. "தாள்ல பக்கத்துல உக்கார்ந்திருக்கவன் எழுதுனதைத்தான் எழுதுவாங்க" என்பார். வருடக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, பத்து நிமிடம் பேசுவார். என்ன படிக்கப் பிடிக்கும், எது பிடிக்காது, அப்புறம் என்னவாக ஆசை, அந்த ஆசை யாருடையது, உன்னுடையதா வீட்டில் உள்ளவர்களுடையதா. கடைசிக் கேள்வியில்தான் பல பிள்ளைகள் விழிக்கும். சில பிள்ளைகள் அழும். மூன்று வாரம் இது நடக்கும். இதை வைத்துத்தான் அட்டவணை. எங்கள் வசதியெல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்கு ஏன் கடைசிப் பீரியட் என்று கேட்டால், "பிள்ளைங்களுக்கு வேற எங்கயும் இடம் இல்ல சார்" என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது?

விடுமுறையில் வீட்டில் அட்டவணை வேலை நடக்கும். சாப்பாட்டு மேசை முழுக்க சின்னச் சின்ன அட்டைகள், ஒரு பிள்ளைக்கு ஒன்று, ஒரு பாடத்துக்கு ஒன்று. மின்விசிறி போடக் கூடாது, பறந்துவிடும். அவர் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வியர்க்க விறுவிறுக்க டியூட்டி முடிந்து வந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாராம். "என் ரூட்ல நாப்பது ஸ்டாப்பு, எனக்கு அது போதும். இவளுக்குத் தொண்ணூத்தாறு ஸ்டாப்பு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசையில போகுது" என்று என்னிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்தார். அவர்களுக்கு ஒரே மகள். எங்கள் பள்ளியிலேயே படித்தாள். இந்தக் கதை அவளுடையதும்தான்.

இதற்கு நடுவே ஒரு விதி. ஆறு பேருக்குக் குறைந்தால் அந்தப் பாடம் நடக்காது. பன்னிரண்டு ஆசிரியர்களை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் மூன்று பேருக்கும் வகுப்பு நடத்தினால் பள்ளி தாங்காது என்று, அந்த விதியை எழுதியவரே கட்டம்மாதான். எழுதியதோடு நிற்காமல் கறாராகக் கடைப்பிடிப்பார். போன வருடம் ஓவியத்தில் ஐந்து பேர். மூடிவிட்டார். ஓவிய ஆசிரியை ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பெற்றோர் வந்து கெஞ்சினார்கள், கத்தினார்கள். அவர் அசையவில்லை.

ஆனால் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பாடம் ஐந்தில் வந்து நின்று தொலைக்கும். ஐந்து பிள்ளைகள் அதை உயிராக நினைத்துக் கேட்டிருப்பார்கள். ஒரே ஒரு ஆள் வேண்டும். மேசை மேல் கடைசியாக ஒரு அட்டை மிச்சம் இருக்கும், மகளுடையது. அவளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிப் பேசவில்லை. வீட்டுப் பெண்தானே, தெரியாதா? அந்த அட்டையை எடுத்து ஐந்தோடு வைத்துவிடுவார். ஆறு ஆகிவிடும். "இந்த ஒரு வருஷம் மட்டும் கண்ணு" என்பாராம். பத்தாம் வகுப்பில் வேதியியல் அப்படித்தான் பிழைத்தது. பதினொன்றில் இயற்பியல். பன்னிரண்டில், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, விருப்பப் பாடமான என்னுடைய இரண்டாம் நிலை வரலாறு.

அது மூன்றாவது பீரியட். வாரம் முழுவதும் எனக்குக் கிடைக்கும் ஒரே நல்ல வகுப்பு. ஐந்து பிள்ளைகள், ஐந்தும் வாயாடிகள். ஒரு உடன்படிக்கையைக் கையில் கொடுத்தால் கையெழுத்துப் போட்டவன் எவன், போடாதவன் எவன், ஏன் என்று மணி அடித்த பிறகும் சண்டை போடும். ஆறாவதாக அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒழுங்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும். கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டால் சொல்லாது. அமைதியான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சரிபார்ப்புத் தாள் உண்டு. கல்லூரிகள் கேட்கும் பாடங்களெல்லாம் வரிசையாக இருக்கும், முடித்ததற்கு டிக் போட வேண்டும். அடியில் "விரும்பும் மேற்படிப்பு" என்று ஒரு வரி. வருடா வருடம் கட்டம்மா எல்லாத் தாளையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். சொந்தப் பிள்ளையின் தாளை மட்டும் ஆசிரியர் பார்க்கக் கூடாது, வேறொருவர் பார்க்க வேண்டும் என்பது பள்ளி வழக்கம். அந்த வேறொருவர் நான். மூன்று வருடமும் அந்தத் தாள் என் மேசைக்கு வந்தது. அறிவியல், மூன்று வருடம், டிக். வரலாறு, டிக். அடி வரி காலியாக இருந்தது. அம்மாவுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகிறது என்று கையெழுத்துப் போட்டேன். அவர் என்ன நினைத்தார் தெரியுமா? சார் பார்க்கிறாரே, பிறகென்ன என்று. நான் அவரை நம்பி, அவர் என்னை நம்பி, நடுவில் அந்தப் பெண்ணை யாருமே பார்க்கவில்லை.

பாடம் மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் பள்ளி திறந்த முதல் பத்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். பத்தாம் நாள் கடைசி மணியோடு கதவு மூடிவிடும். ஒன்பதாம் நாள் காலை ஒரு கல்லூரியிலிருந்து ஆள் வந்து தாழ்வாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சரிபார்ப்புத் தாளோடு வரிசையில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கட்டம்மாவின் மகள் என் மேசைக்கு வந்தாள். தாளை என் முன்னால் வைத்தாள்.

"சார், இதுல நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"ஆமாம்மா. ஏன்?"

"கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் ரெண்டு வருஷம் படிச்சிருக்கணுமாம். எனக்கு ஒரு வருஷம்தான் இருக்கு. வேதியியல் ஒண்ணு, இயற்பியல் ஒண்ணு, உயிரியல் ஒண்ணு. எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு. எதுவும் ரெண்டு இல்ல. விண்ணப்பமே போட முடியாதுன்னுட்டாங்க."

 எதிர் மேசையில் கட்டம்மா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கால்நடை மருத்துவமா? யாருக்கு?"

"எனக்குத்தான் மேடம்." பள்ளியில் அவள் அம்மாவை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். அதுவும் அந்த அம்மாள் போட்ட விதி.

"எப்பலேர்ந்து?"

"ஒன்பதாவதுலேர்ந்து."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டீங்க. நம்ம முறை வரும்னு நானும் இருந்தேன். மூணு வருஷமும் இருந்தேன்."

கட்டம்மா எழுந்து சுவரில் இருந்த அட்டவணைப் பலகை முன்னால் போய் நின்றார். இரண்டாம் நிலை உயிரியல், மூன்றாவது பீரியட். இரண்டாம் நிலை வரலாறு, மூன்றாவது பீரியட். உயிரியல் ஆசிரியை பகுதிநேரம், காலை மூன்று பீரியட் மட்டும் வந்துவிட்டுப் போகிறவர், அவரை நகர்த்த முடியாது. வரலாற்றை நகர்த்தப் பார்த்தார். ஆறாவது பீரியடுக்குத் தள்ளினால் என் ஐந்து பேரில் இரண்டு பேருக்கு உயர்கணிதம் அடிபட்டது. ஐந்தாவதில் எனக்கே வேறு வகுப்பு. நான்காவதில் அறை இல்லை. மதியம் வரைக்கும் அட்டைகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். ஊரார் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய முடிச்சையெல்லாம் அவிழ்த்தவர். அன்றைக்கு ஒரே அட்டையை மூன்று முறை கழற்றி அதே இடத்தில் மாட்டினார்.

நானும் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய், என் வகுப்புக்கு ஒரு ஆள் கிடைக்குமா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஐம்பது வயதில் இப்படி ஆள் பிடிக்கக் கிளம்புவேன் என்று நினைத்ததில்லை. ஒரு பயல், "தூங்க விடுவீங்கன்னா வர்றேன் சார்" என்றான். அவனுக்கும் மூன்றாவது பீரியடில் வேறு பாடம் இருந்தது. மூன்றாவது பீரியடில் கை சும்மா இருந்தவர் ஒருவர்கூட இல்லை. அட்டவணையை அவ்வளவு கச்சிதமாகப் போட்டிருந்தார், புண்ணியவதி.

மாலை மணி அடித்ததும் மகள் மறுபடி வந்து நின்றாள். கட்டம்மா பலகையைப் பார்த்தபடியே பேசினார்.

"உயிரியலை வீட்டுல வச்சு நானே சொல்லித் தர்றேன். பரீட்சை தனியா எழுதிக்கலாம். விசாரிக்கிறேன்."

"வகுப்புல உக்கார்ந்து, ஆய்வுக்கூடத்துல செஞ்சிருக்கணுமாம். கேட்டுட்டேன்."

"நீ வெளிய வந்தா வரலாறு மூடணும். ஒருத்திக்காக அஞ்சு பேரை எப்படித் தள்ளுறது? நாளைக்கு எத்தனை பேர் வந்து கேப்பாங்க, சொந்தப் பொண்ணுன்னா மட்டும் செய்வீங்களான்னு?"

அதுவரை மேடம், மேடம் என்றுகொண்டிருந்த பெண் அதை விட்டுவிட்டாள்.

"அஞ்சு பேருக்காக ஒருத்தியை மூணு வருஷமா தள்ளினியேம்மா. அது மட்டும் எப்படி முடிஞ்சுது?"

நான் அறையில் இருப்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. எழுந்து போகலாமா என்று பார்த்தேன், கதவுக்குப் போகும் வழியில்தான் அவர்கள் நின்றார்கள்.

"வீட்டுல பேசிக்கலாம்" என்றார் கட்டம்மா.

"வீட்டுல எங்க பேசறது? மேசை பூரா உன் அட்டைதான்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு கட்டம்மாவிடம் நான் கேட்டேன், ஐந்து பேரை வைத்தே வகுப்பை நடத்திவிடக் கூடாதா, யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று. "ஓவியத்தை மூடினப்ப அந்தப் பிள்ளைங்க என்னைப் பாத்த பார்வை எனக்கு மறக்கல சார். இப்ப என் பொண்ணுக்காக விதியைத் தளர்த்தினா, அதுங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயம் எனக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை.

பத்தாம் நாள். முதல் மணிக்கு முன்பே அந்தப் பெண் பாடமாற்றப் படிவத்தோடு என் எதிரில் நின்றாள். அதில் ஐந்து கட்டம். மாணவர், பெற்றோர், விட்டுப்போகும் பாடத்தின் ஆசிரியர், சேரும் பாடத்தின் ஆசிரியர், ஒருங்கிணைப்பாளர். மூன்று கட்டம் நிரம்பியிருந்தது. உயிரியல் ஆசிரியை வாசலிலேயே போட்டுக் கொடுத்துவிட்டாராம். நான் பேனாவை எடுத்தேன், வைத்தேன்.

"அந்த அஞ்சு பேரும் என்ன ஆவாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என் வகுப்பு போகிறதே என்ற வயிற்றெரிச்சலில் கேட்டது அது. அதைப் பிள்ளைகள் மேல் அக்கறை மாதிரி சொன்னேன்.

"எனக்குத் தெரியாது சார்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். தெரிந்துவைத்திருக்க வேண்டியவள் அவள் இல்லை. மூன்று வருடமாக அவள் தாளில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. நான்காவதாக ஒன்று, கண்ணைத் திறந்து போட்டேன்.

அங்கிருந்து எதிர் மேசைக்கு நாலே அடி. படிவத்தை அம்மாவின் முன்னால் வைத்தாள். கட்டம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். பெற்றோர் கட்டத்தில் வந்து நின்றார்.

"அப்பாகிட்ட எப்ப வாங்கினே?"

"காலையில. டியூட்டிக்குக் கிளம்பறப்ப."

"நானும் வீட்டுலதானே இருந்தேன்."

"உங்களுக்குத்தான் இங்க ஒரு கட்டம் இருக்கே மேடம்" என்றாள். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை. அலுவலகத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு விவரம் சொல்வது போல இருந்தது.

கட்டம்மா கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். "மூணாவது பீரியட் ஆய்வுக்கூடத்துல. வெள்ளை அங்கி வேணும்" என்றார். "இருக்கு மேடம்" என்று அவள் போய்விட்டாள். பிறகு பலகையிலிருந்து இரண்டாம் நிலை வரலாறு என்ற அட்டையைக் கழற்றி, அதன் பின்னால் ஐந்து பேரின் பெயரையும் எழுதினார். பிள்ளைகளிடம் தானே சொல்வதாக எழுந்தார். வேண்டாம், என் வகுப்பு, நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

மூன்றாவது பீரியடில் போய்ச் சொன்னேன். வாயாடிகள் ஐந்து பேரும் முதல்முறையாக வாயடைத்துப்போனார்கள். ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்ததால் யாரால் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி மட்டும், "அவளுக்கு வரலாறு பிடிக்கும்னு நெனச்சோம் சார்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன். இரண்டு பேர் பொருளாதாரத்துக்குப் போனார்கள், மூன்று பேர் கணினிக்கு. எனக்கு அந்த நேரத்தில் நூலக மேற்பார்வை என்று முடிவானது. நல்ல வகுப்பு போனது போனதுதான். இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அறைக்குத் திரும்பியபோது கட்டம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். படிவத்தைக் கோப்பில் போடவில்லை. விரலைப் பெற்றோர் கட்டத்தின் மேல் வைத்திருந்தார். பஸ் டிரைவரின் கையெழுத்து கட்டத்தை அடைத்துக்கொண்டு பெரிதாக இருந்தது.

"ஏன் சார், பெற்றோர்னா ரெண்டு பேரும் போடலாம் இல்ல?" என்று கேட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். ஒரு கையெழுத்துக்குத்தான் இடம் இருந்தது. அந்தப் படிவத்துக்குக் கட்டம் போட்டதே அவர்தான்.